ஏவியவனையும் விடாத பிசாசு: 'பம்ப்கின்ஹெட்' படத்தின் பின்னணி

1988இல் வெளியான 'பம்ப்கின்ஹெட்' ஒரு பிசாசுப் படம். ஆனால் அந்தப் பிசாசு மண்ணிலிருந்து எழுந்து வருவதற்குள் ஏறக்குறையப் பாதிப் படம் ஓடிவிடுகிறது. மொத்த நீளமே 86 நிமிடம்தான். அதில் இவ்வளவு நேரத்தை ஓர் அப்பாவுக்கும் அவருடைய சின்ன மகனுக்கும் கொடுத்துவிட்டு, போஸ்டரில் பல்லைக் காட்டும் ஜந்துவைக் காத்திருக்க வைக்கிறார் இயக்குநர். அந்த இயக்குநர் ஸ்டான் வின்ஸ்டன். ஹாலிவுட்டுக்கு ஜந்துக்களைச் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர். 'த டெர்மினேட்டர்' (1984) படத்தின் உலோக எலும்புக்கூடு, 'ஏலியன்ஸ்' (1986) படத்தின் ராணி, 'ப்ரிடேட்டர்' (1987) படத்தின் வேட்டைக்காரன் எல்லாம் அவர் பட்டறையில் உருவானவை. அப்படிப்பட்டவர் முதன்முதலாக ஒரு படத்தை இயக்கினால், தன் கைவேலையை முதல் ரீலிலேயே கொட்டிக் காட்டுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் செய்ததோ நேர் எதிர்.

இந்தப் படம் இன்றைக்கும் பேசப்படுவதற்கு ஜந்துவின் தோற்றம் மட்டும் காரணமில்லை என்பது என் கட்சி. பழிவாங்கலுக்கு இந்தக் கதை ஒரு விதி வைத்திருக்கிறது. ஏவிவிட்டவன் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க முடியாது. ஒவ்வொரு கொலையும் அவன் கண்ணுக்குள்ளேயே நடக்கும். அதோடு, ஏவியது பாதியில் திரும்பாது. படத்தின் மெதுவான தொடக்கம், ஒளி, ஒப்பனை, முடிவு எல்லாவற்றையும் இந்த விதியை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அதைப் பேச வேண்டுமானால் முடிவு வரைக்கும் கதையைச் சொல்லியாக வேண்டும். கதை தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம், அவசரமில்லை.

படம் 1957இல் தொடங்குகிறது. இரவு, கிராமப்புறத்தில் தனித்து நிற்கும் ஒரு வீடு. ஒருவன் ஓடி வந்து கதவைத் தட்டி, உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறான். ஏதோ ஒன்று அவனைத் துரத்திக்கொண்டு வருகிறது. வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை. போகாவிட்டால் சுட்டுவிடுவேன் என்கிறார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. குறி வைக்கப்பட்டவனுக்கு அடைக்கலம் கொடுத்தால் கொடுத்தவன் குடும்பத்துக்கும் ஆபத்து என்பது அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் இருக்கும் சிறுவன் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறான். அந்தச் சிறுவன்தான் எட் ஹார்லி.

பின்னால் எட் ஹார்லி பிசாசைத் தேடிப் போகும்போது, 'இப்படியெல்லாம் நடக்குமா' என்று யோசித்துக்கொண்டு நிற்கும் காட்சி எதுவும் படத்துக்குத் தேவைப்படவில்லை. அவன் கண்ணால் பார்த்தவன். திகில் படங்களில் பொதுவாக அரை மணி நேரத்தைத் தின்றுவிடும் 'நம்பலாமா வேண்டாமா' பகுதியை இந்தச் சில நிமிடக் காட்சி கழித்துவிடுகிறது. அதனால் என்ன நடக்கிறதோ அதற்கான பொறுப்பும் முழுக்க அவன் தலையில் விழுகிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவன் சொல்ல முடியாது.

அடுத்து நிகழ்காலம். எட் வளர்ந்துவிட்டான், மனைவி உயிரோடு இல்லை, சாலையோரத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறான். மகன் பில்லி தடித்த கண்ணாடி போட்ட குட்டிப் பையன்; ஜிப்ஸி என்று ஒரு நாய். பில்லி தன் கையால் ஒரு கழுத்து மாலை செய்து அப்பாவுக்குக் கொடுக்கிறான். எட் ஹார்லியாக நடித்தவர் லான்ஸ் ஹென்ரிக்சன். 'ஏலியன்ஸ்' படத்தில் பிஷப் என்ற இயந்திர மனிதனாக வந்தவர். 'த டெர்மினேட்டர்' படத்திலும் போலீஸ்காரராக இருந்தார். ஆக, இயக்குநரும் நடிகரும் ஏற்கெனவே ஒரே களத்தில் வேலை பார்த்தவர்கள். 'பம்ப்கின்ஹெட்' வருவதற்கு முந்தைய ஆண்டுதான் 'நியர் டார்க்' படத்தில் ரத்தம் குடிக்கும் கூட்டத்துக்குத் தலைவனாக மிரட்டியிருந்தார். அந்த முகம் இங்கே ஒரு குழந்தையிடம் குனிந்து பேசுகிறது. அப்பாவும் பிள்ளையும் வரும் இந்தக் காட்சிகளில் கதை என்று பெரிதாக எதுவும் நகர்வதில்லை. ஆனால் படத்தின் மொத்த எடையும் இங்கேதான் ஏற்றப்படுகிறது.

நகரத்திலிருந்து ஆறு இளைஞர்கள் கடைக்கு வருகிறார்கள். அவர்களிடம் மண் மேட்டில் ஓட்டும் மோட்டார் பைக்குகள் இருக்கின்றன. எட் ஒரு வாடிக்கையாளருக்குத் தீவன மூட்டை கொடுப்பதற்காக, பையனைக் கடையில் விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். நாய் வெளியே ஓடுகிறது, பின்னாலேயே பில்லி ஓடுகிறான், ஜோயல் என்பவனின் பைக் மோதிவிடுகிறது. ஜோயல் குடித்திருக்கிறான். ஏற்கெனவே இன்னொரு விபத்து வழக்கில் சிக்கி நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவன். பயந்துபோய் ஓடிவிடுகிறான், போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பவர்களைத் தங்கியிருக்கும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறான். ஸ்டீவ் என்ற ஒருவன் மட்டும் அடிபட்ட பையன் பக்கத்திலேயே காத்திருக்கிறான்.

எட் திரும்பி வரும் காட்சியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அவன் கத்தவில்லை, ஸ்டீவின் சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை. பையனைக் கையில் தூக்கிக்கொண்டு ஸ்டீவை ஒரு பார்வை பார்க்கிறான். ஸ்டீவ் ஏதோ விளக்கம் சொல்லப் பார்க்கிறான், வார்த்தை வரவில்லை. சத்தம் போட்டிருந்தால் கோபம் அங்கேயே கொஞ்சம் வடிந்திருக்கும். இங்கே ஒரு துளியும் வடியாமல் அப்படியே உள்ளே இறங்குகிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும் விதை அந்தப் பார்வைதான். ஹென்ரிக்சன் நடிப்பைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தைச் சொல்வார்கள். நான் இந்த இடத்தைச் சொல்வேன்.

இதே கருவை அந்தக் காலத்து இன்னொரு படக்குழுவிடம் கொடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். 1978இல் 'ஹாலோவீன்', 1980இல் 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' ஓடிய பிறகு, காட்டு வீட்டில் தங்கும் இளைஞர்களை முகமூடி போட்ட ஒருவன் ஒவ்வொருவராகக் கொல்வது என்பது ஒரு தொழிற்சாலைச் சரக்காகவே ஆகிவிட்டது. 'பம்ப்கின்ஹெட்' வெளியே பார்த்தால் அதே சரக்குதான். காடு, மரவீடு, ஆறு இளைஞர்கள், அறுந்து போகும் உதவி. ஆனால் அந்தப் படங்களில் கொலைகாரனின் துக்கம் கடைசியில் ஒரு வரியில் சொல்லப்படும் காரணமாக இருக்கும். இங்கே துக்கம்தான் படத்தின் முன்பாதி. நாம் முதலில் பழகுவது சாகப் போகிறவர்களோடு இல்லை, சாகடிக்கச் சொல்லப் போகிறவனோடு.

கேமராவின் பார்வையிலும் ஒரு வேறுபாடு உண்டு. 'ஹாலோவீன்' படத்தின் புகழ்பெற்ற தொடக்கக் காட்சி முழுக்கக் கொலைகாரனின் கண் வழியாக வருகிறது. பார்வையாளரைக் கொலைகாரனின் இடத்தில் நிறுத்தி ஒரு குறுகுறுப்பைக் கொடுப்பது அந்த உத்தி. பின்னால் வந்த படங்கள் அதை அலுக்கும் வரை பயன்படுத்தின. 'பம்ப்கின்ஹெட்' படத்திலும் அந்தக் கண் வருகிறது. ஆனால் அது எட் ஹார்லியின் மேல் வந்து விழுகிற தண்டனையாக வருகிறது. எங்கோ காட்டில் பிசாசு ஒருத்தியைப் பிடிக்கும்போது, இங்கே இவன் வலிப்பு வந்தவன் போலத் துடிக்கிறான். அவளுடைய பயந்த முகம் இவன் கண்ணுக்குள் தெரிகிறது. பார்க்கமாட்டேன் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் வழியில்லை. கொலையைப் பார்ப்பதில் இருக்கும் அற்ப சந்தோஷத்தை இந்த ஒரு மாற்றம் பிடுங்கிவிடுகிறது.

பில்லி இறந்த பிறகு எட் ஹாகிஸ் என்ற கிழச் சூனியக்காரியிடம் போகிறான். இறந்தவனை எழுப்ப முடியுமா என்று கேட்கிறான். முடியாது என்கிறாள். அப்படியானால் பழி வேண்டும் என்கிறான். அதற்கு விலை உண்டு என்று அவள் எச்சரிக்கிறாள். என்ன விலை என்று அவன் நின்று கேட்பதில்லை. மலை மேல் இருக்கும் பழைய இடுகாட்டுக்குப் போய், பூசணிக் கொடி படர்ந்த மண்ணிலிருந்து சுருங்கிப்போன ஓர் உடலைத் தோண்டி எடுத்து வருகிறான். தகப்பன் ரத்தமும் பிள்ளை ரத்தமும் சேர்ந்ததும் அது எழுகிறது. படத்தின் பெயருக்கும் அந்த நிலத்துக்கும்தான் தொடர்பு. ஜந்துவின் தலை பூசணிக்காய் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பின்மண்டை பெருத்து, கை கால்கள் நீண்டு, தோள்பட்டையில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் ஓர் உருவம் அது.

நம் பேய்க்கதைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும். இது ஏவல். ஏவல் ஏவியவனையே திருப்பித் தாக்கும் என்ற பயமும் நமக்குப் பழக்கமானதே. ஆனால் ஏவல் கதைகளில் வழக்கமாக எதிராளி தன்னைவிடப் பெரிய மந்திரவாதியைப் பிடித்துத் திருப்பி விடுவான். 'பம்ப்கின்ஹெட்' கதையில் திருப்பிவிட யாருமில்லை. ஏவியபடியே, கேட்டது கேட்டபடியே நடக்கிறது, நடப்பதுதான் தண்டனை.

கதையின் வேர் ஒரு கவிதை. எட் ஜஸ்டின் என்பவர் எழுதிய சின்னக் கவிதையைப் பிடித்துக்கொண்டு மார்க் பேட்ரிக் கர்டூச்சியும் கேரி ஜெரானியும் திரைக்கதை எழுதினார்கள். படத்துக்குள்ளேயே பக்கத்துப் பண்ணைக் குழந்தைகள் அந்தப் பாட்டைச் சொல்லி ஒருவரையொருவர் பயமுறுத்துவார்கள். (அந்தக் குழந்தைகளில் ஒருவராக மயிம் பியாலிக் இருக்கிறார், 'த பிக் பேங் தியரி' தொடரில் ஏமியாக வந்தவர்.) குழந்தைப் பாட்டாகப் பிறந்ததாலோ என்னவோ, கதைக்கு நாட்டார் கதையின் எலும்புக்கூடு இருக்கிறது. பிசாசு எங்கிருந்து வந்தது, எத்தனை வருஷம் பழையது, யார் படைத்தது என்ற ஆராய்ச்சி எதுவும் கிடையாது. போ, தோண்டு, கொண்டு வா, ரத்தம் கொடு. அவ்வளவுதான். விளக்கம் குறையக் குறைய நம்பிக்கை கூடுகிறது.

இந்தக் கதைக்குள் இருக்கும் நிலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எந்த ஊர், எந்த மாநிலம் என்று படம் அழுத்திச் சொல்வதில்லை. ஆனால் அமெரிக்கர்கள் அப்பலாச்சிய மலைப்பகுதியோடு இணைத்துப் பேசும் எல்லா அடையாளங்களும் இருக்கின்றன: ஏழ்மை, தனித்த பண்ணைகள், மூலிகையும் மந்திரமும் தெரிந்த கிழவி, போலீசுக்குப் போகாமல் தாங்களே கணக்குத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம். அந்தக் கடைசி விஷயத்துக்கு வரலாற்றில் பெயர் பெற்ற ஓர் உதாரணம் உண்டு. மேற்கு வர்ஜீனியாவுக்கும் கென்டக்கிக்கும் இடையே ஓடும் டக் ஃபோர்க் ஆற்றின் இரு கரைகளிலும் இருந்த ஹாட்ஃபீல்டு, மெக்காய் குடும்பங்களின் பகை. 1882இல் தேர்தல் நாளில் நடந்த சண்டையில் எலிசன் ஹாட்ஃபீல்டு கத்திக்குத்தும் குண்டடியும் பட்டு இறந்தார். பதிலுக்கு மூன்று மெக்காய் சகோதரர்களை மரத்தில் கட்டிச் சுட்டுக் கொன்றார்கள். 1888 புத்தாண்டுச் சமயத்தில் மெக்காய் வீட்டைத் தாக்கித் தீ வைத்தபோது மேலும் இருவர் சுடப்பட்டுச் செத்தார்கள். யாருடைய பன்றி யாருடையது என்ற வழக்கும் இந்தப் பகையின் கிளைகளில் ஒன்று. ஒரு முறை கிளம்பிய பழி எங்கே நிற்கும் என்று கிளப்பியவனுக்கே தெரியாது என்பதை அந்தப் பகுதி பேயில்லாமலேயே கண்டிருக்கிறது.

அமெரிக்கத் திகில் படங்களில் இந்த மலைமக்கள் வழக்கமாக வில்லன்கள். 1972இல் வந்த 'டெலிவரன்ஸ்' முதல், நகரத்து ஆட்கள் ஊர்ப்பக்கம் போய் நாட்டுப்புறத்தானிடம் மாட்டிக்கொள்வது ஒரு பழகிய வகை. 'பம்ப்கின்ஹெட்' அந்தத் தராசைத் திருப்பிப் போடுகிறது. இங்கே கேடு வெளியிலிருந்து, பைக்கில் ஏறி வருகிறது. ஊர்க்காரனுக்கு நியாயம் இருக்கிறது. அப்புறம்தான் படம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நியாயத்தைக் கரைக்கிறது.

எப்படிக் கரைக்கிறது என்பதில்தான் திரைக்கதையின் சாமர்த்தியம். முதலில் பலியாவது யார்? அடிபட்ட பையன் பக்கத்தில் காவல் இருந்த அதே ஸ்டீவ். அந்த ஆறு பேரில் மனசாட்சியோடு நடந்துகொண்டவர்களில் ஒருவன். அடுத்து மேகி, பிறகு கிம். இருவருக்கும் விபத்தில் எந்தப் பங்கும் இல்லை. உண்மையில் குற்றம் செய்த ஜோயல் இதற்குள் மனம் மாறித் தன் தப்பை ஏற்கத் தயாராகிவிடுகிறான். அதனால் அவனுக்குச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை, அவனும் சாகிறான். பழிக்குப் பழி என்றால் ஓர் உயிருக்கு ஓர் உயிர் என்று நாம் மனக்கணக்குப் போட்டு வைத்திருப்போம். பிசாசுக்கு அந்தக் கணக்கு தெரியாது. எட் ஹாகிஸிடம் போனபோது பெயர் சொல்லிக் கேட்கவில்லை. அவன் மனசில் அப்போது 'அவர்கள்' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது, அதன்படியே நடக்கிறது.

இறந்த மகன் எழுந்து, 'என்னப்பா செஞ்சிட்ட' என்கிற மாதிரி கேட்பதாக எட்டுக்கு ஒரு தோற்றம் வருகிறது. படம் முழுவதிலும் அவனை யாராவது நேருக்கு நேர் விசாரிக்கும் இடம் அதுதான். அதன் பிறகு அவன் கிழவியிடம் ஓடிப்போய் நிறுத்தச் சொல்கிறான். அவள் சிரிக்கிறாள். நடக்க வேண்டியது நடந்து முடிந்துதான் ஓயும். குறுக்கே வந்தால் நீயும் சாவாய்.

சரி, இதெல்லாம் கதை. இது பழைய பாணிப் படம் என்று சொல்வதற்குக் காரணம் அது எடுக்கப்பட்ட விதம். 1931இல் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்துக்காக ஜாக் பியர்ஸ் போரிஸ் கார்லாஃபுக்கு ஒப்பனை போட்டதிலிருந்து, 1954இல் 'கிரியேச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்' படத்தில் ரப்பர் உடைக்குள் ஆளை அனுப்பியதுவரை ஓடும் மரபு ஒன்று இருக்கிறது. ஒரு மனிதன் உடைக்குள் நுழைந்து ஜந்துவாக நடிப்பது. 'பம்ப்கின்ஹெட்' அந்த மரபின் கடைசிக் காலத்துப் பிள்ளை. உடைக்குள் இருந்தவர் டாம் வுட்ரஃப் ஜூனியர். வின்ஸ்டன் பட்டறைக்காரர், அதற்கு முந்தைய ஆண்டு 'த மான்ஸ்டர் ஸ்குவாட்' படத்தில் நீர்வாழ் ஜந்துவாக நடித்தவர், பின்னால் 1992இல் 'ஏலியன் 3' படத்தில் ஏலியனாகவும் நடித்தார். இன்னொரு வேடிக்கை: உலகத்திலேயே ஜந்து செய்வதில் முன்னணியில் இருந்த வின்ஸ்டன், இயக்கும் வேலை கழுத்து வரை இருந்ததால், இந்த ஜந்துவின் வடிவமைப்பைத் தன் குழுவிடம் விட்டுவிட்டார். வுட்ரஃபோடு அலெக் கில்லிஸ், ஷேன் மஹான், ஜான் ரோசன்கிராண்ட் ஆகியோர் அதில் இருந்தார்கள். பின்னாளில் வுட்ரஃபும் கில்லிஸும் சேர்ந்து சொந்தமாகப் பட்டறை ஆரம்பித்தார்கள்.

இந்த மாதிரி உடைகளைச் செய்வது மெதுவான வேலை. களிமண்ணில் உருவத்தைச் செதுக்கி, அதன் மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் நுரை ரப்பரை ஊற்றி அடுப்பில் வேகவைத்து, வெளியே எடுத்து அடுக்கடுக்காக வண்ணம் பூச வேண்டும். முகத்து அசைவுகளுக்கு உள்ளே சின்ன மோட்டார்களும் கம்பிகளும். இத்தனை செய்தும் நேராக விளக்கு அடித்தால் ரப்பர் ரப்பராகத்தான் தெரியும். இதை எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் வின்ஸ்டன்தான். அதனால் படத்தில் ஜந்து வரும் காட்சிகளைக் கவனியுங்கள்: பெரும்பாலும் விளக்கு பின்னாலிருந்து வருகிறது. முன்னால் புகை. உருவத்தின் விளிம்பு மட்டும் துலங்குகிறது. தோளின் கூர்மை, நீண்ட கை, தலையின் வளைவு. உடம்பில் பூசிய பிசுபிசுப்பு ஈரம் ஆங்காங்கே மின்னுவதால் அது தோல் என்று கண் ஏமாறுகிறது. தையல் இருக்கும் இடமெல்லாம் இருட்டில் போய்விடுகிறது.

அந்த விளக்கு வேலையைச் செய்தவர் ஒளிப்பதிவாளர் போயன் பசெல்லி. 2002இல் 'த ரிங்' படத்துக்கு அந்தச் சாம்பல் பச்சை நிறத்தைக் கொடுத்தவர் இவரே. 'பம்ப்கின்ஹெட்' படத்தில் அவர் படத்தை நிறம் நிறமாகப் பிரித்திருக்கிறார். அப்பாவும் மகனும் இருக்கும் பகல் தூசி படிந்த பொன்னிறம். கிழவியின் குடிசை அடுப்புத் தீயின் செம்மஞ்சள்; அங்கே ஃப்ளோரன்ஸ் ஷாஃப்லர் கனத்த ஒப்பனைக்கு அடியில் அசையாமல் உட்கார்ந்து பேசுகிறார், பேசுவது முகமா வேரா என்று சந்தேகம் வருகிறது. பிசாசு கிளம்பிய பிறகு எல்லாம் குளிர்ந்த நீலம், இடையிடையே மின்னல். வசனமே இல்லாமல் பார்த்தாலும் எட் ஹார்லி எங்கிருந்து எங்கே இறங்கினான் என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். குறைந்த செலவுப் படங்களில் புகையும் நீல விளக்கும் பெரும்பாலும் வறுமையை மறைக்கப் பயன்படும். இங்கேயும் அதற்குத்தான் பயன்பட்டிருக்கும். ஆனாலும் அது கதையின் பக்கமே நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. எட் ஹார்லிக்குக் கொடுத்த அக்கறையில் கால்வாசியைக்கூடத் திரைக்கதை அந்த ஆறு பேருக்குக் கொடுக்கவில்லை. ஜோயல், ஸ்டீவ் தவிர மற்றவர்களின் பெயர்கள் படம் முடிந்ததும் மறந்துபோகின்றன. அதனால் பின்பாதியில் துரத்தலும் கொலையும் வரும்போது, மேலே சொன்ன தொழிற்சாலைச் சரக்கின் வாசம் அடிக்கத்தான் செய்கிறது. மின்னலும் அளவுக்கு அதிகம். இவ்வளவு மின்னலுக்கு ஊரே வெள்ளத்தில் போயிருக்க வேண்டும். பாழடைந்த தேவாலயத்தில் பிசாசு சிலுவையை உடைக்கும் காட்சி, சிலுவைக்கு அடங்குகிற ஆள் நான் இல்லை என்று சொல்வதற்காக மட்டும் வைத்தது போல இருக்கிறது. படம் எட் ஹார்லியிடம் திரும்பும்போதெல்லாம் மறுபடி உயிர் வந்துவிடுகிறது. திரும்பாத இடங்களில் நேரம் ஊர்கிறது.

முடிவுக்கு வருவோம். பிசாசின் கையில் காயம் பட்டால் எட் கத்துகிறான், எட் மேல் கவைக்கோல் குத்தினால் பிசாசு அலறுகிறது. அதோடு நிற்கவில்லை. பிசாசின் முகம் மெல்ல மெல்ல எட் ஹார்லியின் சாயலுக்கு மாறுகிறது. எட்டின் முகம் பிசாசின் பக்கம் போகிறது. ஒப்பனைக்காரர் இயக்கிய படம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. 'பழிவாங்குகிறவன் தானும் அரக்கனாகிவிடுகிறான்' என்று வசனத்தில் எழுதினால் அது வெறும் பிரசங்கம். வின்ஸ்டன் அதை ரப்பரிலும் வண்ணத்திலும் செய்து காட்டிவிடுகிறார். தான் செத்தால்தான் அது சாகும் என்று எட்டுக்குப் புரிகிறது. தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறான்; அதுவும் போதவில்லை. கடைசியில் அந்த ஆறு பேரில் ஒருத்தியான டிரேசியிடம் தன்னைக் கொன்றுவிடச் சொல்லிக் கேட்கிறான். அவள் சுடுகிறாள், பிசாசு தீப்பற்றி எரிகிறது.

பிறகு ஹாகிஸ் ஒரு சுருங்கிய உடலை அதே பூசணி நிலத்தில் புதைக்கிறாள். அதன் கழுத்தில் பில்லி செய்த மாலை கிடக்கிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு பொருள், முன்னே பார்த்த எல்லாவற்றையும் திருப்பிப் படிக்க வைக்கிறது. எட் தோண்டி எடுத்தானே, அந்த உடல் யார்? 1957இல் கதவைத் தட்டியவனைத் துரத்தியது யாருடைய துக்கம்? அப்படியானால் பம்ப்கின்ஹெட் என்று ஒரு பிசாசு தனியாக இல்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பழிகாரன் அந்த உடலாகிறான், அடுத்தவன் வந்து தோண்டும்வரை கிடக்கிறான். கிழவி கேட்ட விலை அதுதான். காசு கேட்டிருந்தால் எட்டுக்கு எளிதாகப் போயிருக்கும்.

இவ்வளவு இருந்தும் படம் வெளியானபோது யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை. தயாரித்த டி லாரன்டிஸ் நிறுவனம், 'ப்ளூ வெல்வெட்', 'மேன்ஹன்ட்டர்' போன்ற படங்களை 1986இல் கொண்டுவந்த அதே நிறுவனம், 1988இல் திவாலாகிவிட்டது. எம்ஜிஎம் கைக்கு மாறிய படம் அக்டோபரில் சில திரையரங்குகளில் மட்டும் வந்து, 1989 தொடக்கத்தில்தான் பரவலாக வெளியானது. திரையரங்கில் தவறவிட்டவர்கள் வீடியோ கேசட்டில் பிடித்துக்கொண்டார்கள். அதன் பெயர் பரவியது அங்கேதான். வின்ஸ்டன் இயக்கத்தைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ளவில்லை, பட்டறைக்கே திரும்பினார். 1993இல் 'ஜுராசிக் பார்க்' படத்துக்கு அவர் குழு முழு உருவ டைனோசர்களைச் செய்தது. ஆனால் அதே படம்தான் கணினியில் பிறந்த டைனோசர்களையும் திரையில் ஓடவிட்டு, உடைக்குள் மனிதனை அனுப்பும் காலத்தைப் பின்னுக்குத் தள்ளியது. வின்ஸ்டன் 2008இல் காலமானார்.

பெயரை விடாமல் மூன்று தொடர்ச்சிகள் வந்தன. 90களில் வந்த 'ப்ளட் விங்ஸ்' படத்தில் பிசாசுக்கு வேறொரு முன்கதையைக் கட்டி, ஏவியவன் விலை கொடுக்கும் விதியை ஏறக்குறையக் கைவிட்டார்கள். ஜந்து மிச்சமிருந்தது, அதன் பயம் போய்விட்டது. 2006இல் வந்த 'ஆஷஸ் டு ஆஷஸ்' விதியை மறுபடி எடுத்துக்கொண்டது, எட் ஹார்லியை ஆவியாகக் கூட்டிவந்தது. 2007 படத்தில் ஹாட்ஃபீல்டு, மெக்காய் பகையையே நேராகக் கதைக்குள் இழுத்துக்கொண்டார்கள். மூன்றில் எதையாவது ஒன்றைப் பார்ப்பதென்றால் 2006 படத்தைப் பார்க்கலாம். அதில் ஊர்க்காரர்கள் பல பேர் சேர்ந்து பிசாசை ஏவுகிறார்கள். அதை நிறுத்த வேண்டுமானால் ஏவிய அத்தனை பேரும் சாக வேண்டும். முதலில் யார் சாவது என்று அவர்களுக்குள் எழும் சிக்கல், படத்தின் ரப்பர் வேலையைவிட நன்றாக வந்திருக்கிறது.